விசில் கேட்காத வீடு

அந்த வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. உப்பு டப்பாவை எடு என்பதையே எதிர்வீட்டு மாடிக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் உள்ளே அடிதடி நடக்கப்போகிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கடைசிவரை ஒரு அடியும் விழாது. ஏமாந்துபோய் மூடிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த அண்ணி முதல் வாரம் முழுக்கக் குளியலறைக்குள் போய் அழுதாள். மொத்தக் குடும்பமும் தன்மேல் எரிந்து விழுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மாமியார் டீ வேணுமா என்று கேட்டதுதான் அது.

எல்லாம் சலவை ஆலையின் உபயம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் ஓட்டல்களின் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஆலை. அப்பா பாய்லர் பார்க்கிறார். அம்மா ரோலரில் நிற்கிறாள். ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூட்டு உருளைக்குக் கொடுக்க, அந்தப் பக்கம் அப்பளமாக வந்து விழும். அண்ணன் துவைக்கும் மெஷினில். எல்லாருக்கும் நடுவில், கூடத்தின் நட்டநடுவில், தண்ணீர் பிழியும் மெஷின். வயிறு பெருத்த இரும்புத் தொட்டி. அது வேகமெடுத்துச் சுற்றத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவது தெரியும், சொல் வராது. அதனால் ஆலையில் எல்லாரும் கையால் பேசுவார்கள். கையை விசிறினால் ஆவி கூடிப்போச்சு. இரண்டு விரலைக் காட்டினால் இன்னும் இரண்டு மூட்டை. கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினால் மேனேஜர் வருகிறார்.

அந்தப் பிழியும் மெஷின் பக்கத்தில் நின்று துணி பிரிக்கிறவளுக்கு டிகிரி என்று பேர். வீட்டின் கடைசிப் பிள்ளை. அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், பட்டமும் வாங்கினவள். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் சிரித்த முகமாக, பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்; ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. மூன்று மாதத்துக்கு என்று ஆலைக்கு வந்தவள் மூன்றாவது வருஷத்தில் நிற்கிறாள். "டிகிரி, அந்த மூட்டையை அவிழு" என்று கூப்பிடத் தொடங்கினவர்கள் வேறு பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. வீட்டுக்கும் அந்தப் பேர் கூடவே வந்துவிட்டது.

டிகிரி பாட்டுப் போடுவாள். பாடமாட்டாள், எந்த வாத்தியத்தையும் தொட்டதுகூடக் கிடையாது. மூடப்பட்ட ஏதோ ஆபீசிலிருந்து தள்ளிவிட்ட லேப்டாப் ஒன்று அவளிடம் இருந்தது. திரை தானாக நிற்காது. பின்னால் ஒரு எண்ணெய் டின்னை முட்டுக் கொடுக்க வேண்டும். பேட்டரி செத்துப் பல நாளாயிற்று, ஒயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். அதில் யாருக்கும் காலணா கொடுக்காமல் ஒரு சாஃப்ட்வேரை இறக்கி வைத்திருந்தாள். திறந்தால் கட்டம் போட்ட திரை விரியும். இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி ஒரு பியானோ. கட்டத்தில் மவுஸால் தட்டினால் ஒரு சின்னப் பட்டை விழும். அதுதான் ஒரு சுரம். பட்டையை இழுத்தால் சுரம் நீளும். மேலே தூக்கினால் குரல் ஏறும். ஒரு வரிசையில் மேளம், அதற்கு மேலே தந்தி, அதற்கும் மேலே குழல் என்று மாடிமேல் மாடியாக அடுக்கிக்கொண்டே போகலாம். வேண்டாத வரிசையின் வாயை ஒரு தட்டில் அடைக்கலாம், இன்னொரு தட்டில் திறக்கலாம்.

அண்ணனுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. காசு வாங்காமல் எவனாவது எதையாவது கொடுப்பானா, உள்ளே ஏதோ வில்லங்கம் இருக்கு என்பான்.

"எங்கெங்கயோ உக்காந்திருக்கிற நாலு பேரு எழுதி, எடுத்துக்கோங்கன்னு வெச்சிருக்காங்க. எடுத்துக்கிட்டேன். உனக்கு எங்க வலிக்குது?" என்று அவள் கேட்டாள்.

முதல் ஒரு வருஷம் குப்பைதான் வந்தது. அவளே கேட்டுவிட்டு அழித்துவிடுவாள். பிறகு ஒரு நாள் ஈர விரிப்பை உதறுகிற சத்தத்தை போனில் பிடித்துவந்து, அதை வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டாள். அதற்கு அடியில் மேளத்தை வைத்தாள். அன்றைக்குத்தான் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே காலால் தரையைத் தட்டினார். தட்டுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. டிகிரிக்கு அது போதுமாக இருந்தது. அதிலிருந்து எதைப் போட்டாலும் அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டுதான் போடுவாள்.

ஊர் வானொலியில் ஞாயிற்றுக்கிழமை காலை நேயர்கள் தாங்களே போட்ட இசையை ஒலிபரப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தன்னுடையதில் ஆகச் சிறந்ததை அனுப்பினாள். உதறல், மேளம், தந்தி, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மணி மாதிரி ஒரு மெல்லிய இழை. அந்த இழைக்காகத்தான் அதிகம் மெனக்கெட்டாள். பியானோவின் உச்சாணிக் கொம்பில் பட்டைகளை வரைந்தாள். கேட்டும் கேட்காமலும் இருந்தது. ஒலியைக் கூட்டினாள், போதவில்லை. இன்னும் கூட்டினாள். கடைசி வரைக்கும் ஏற்றிய பிறகுதான் தூரத்தில் மினுங்குகிற மாதிரி லேசாகக் கேட்டது. அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

வானொலியிலிருந்து குரல் பதிவாகப் பதில் வந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர் நல்ல மாதிரியாகத்தான் பேசியிருந்தார். தாளம் பிரமாதம், இதுமாதிரி கேட்டதில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு விசில் கத்துகிறது, காதைக் குத்துகிறது, எங்கள் ஆள் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டார். அதை எடுத்துவிட்டு அனுப்பினால் வர்ற ஞாயிறே போடலாம். இல்லாவிட்டால் போட முடியாது.

டிகிரி பதிவை மறுபடி கேட்டாள். பிறகு பாட்டைக் கேட்டாள். விசில் எங்கே இருக்கிறது? அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாள். "விசிலும் இல்ல, கிசிலும் இல்ல" என்றாள் அம்மா. அப்பா ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அண்ணனும் கேட்டான். அவனுக்கு வந்த ஆத்திரம் டிகிரிக்கே வரவில்லை. ஆலைக்காரப் பெண் என்று தெரிந்துதான் தட்டிக் கழிக்கிறான், வேண்டியவர்கள் பாட்டைப் போடுவதற்கு இடம் பார்க்கிறான் என்றான். கூடத்தில் உட்கார்ந்து தீர்மானமே போட்டுவிட்டார்கள்: அந்த ஆள் பொய் சொல்கிறான். டிகிரி சூடாக ஒரு பதிலைச் சொல்லிப் பதிவுசெய்ய போனைக் கையில் எடுத்தாள்.

அப்போது அண்ணி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள். யாரும் உரக்கப் பேசாத இடம். அன்றைக்குத்தான் சீக்கிரம் வந்திருந்தாள்.

"அனுப்பாதே" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே வந்து போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். "அனுப்பாதேம்மா. விசில் இருக்கு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீ எப்போ கேட்டே?" என்றான் அண்ணன்.

"தினமும்தான் கேக்கறேன். போட ஆரம்பிச்சா பல்லு கூசும். நான் துணி எடுக்கற மாதிரி மாடிக்குப் போயிடுவேன்."

"இத்தனை நாளா ஏன் அண்ணி சொல்லல?"

"நீங்க எல்லாரும் ரசிச்சுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்க வீட்டுக்கு அதுதான் பிடிக்கும்போலன்னு நினைச்சேன்." அண்ணிக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வருகிற மாதிரி இருந்தது. "ஃபேன் கூடத்தான் கத்துது. ஃபிரிட்ஜும் கத்துது. தண்ணி மோட்டார் போட்டா ஊளையே விடுது. யாரும் ஒண்ணும் சொல்லல. வந்தவ நான் எதுக்கு வாயத் திறக்கணும்னு விட்டுட்டேன்."

அப்பா எழுந்துபோய் ஃபேனுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அது பாட்டுக்குச் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடுமுறை. மத்தியானம் டிகிரி அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்தாள். சாஃப்ட்வேரில் ஒலியைப் படமாகக் காட்டுகிற ஒரு ஜன்னல் உண்டு. அடிக்குரல் எல்லாம் இடது பக்கம், உச்சக்குரல் எல்லாம் வலது பக்கம், எது அதிகமோ அது மேடாக எழும்பும். இத்தனை நாள் அதை அவள் திறந்ததே இல்லை. காது இருக்கும்போது கண் எதற்கு என்று விட்டிருந்தாள். இப்போது திறந்து பாட்டை ஓடவிட்டாள். இடது பக்கம் சின்னச் சின்னக் குன்றுகள். வலது பக்கம் ஒரே ஒரு ஊசி, திரையின் உச்சியைக் குத்திக்கொண்டு நின்றது.

பாட்டை மூடிவிட்டு, பியானோவின் அடியிலிருந்து ஒவ்வொரு சுரமாகத் தட்டிக்கொண்டே மேலே போனாள். கேட்டால் இரண்டு பேரும் கையைத் தூக்க வேண்டும். பாதிக்கு மேல்வரை இரண்டு கையும் சேர்ந்தே எழுந்தன. அதற்குமேல் டிகிரியின் கை யோசித்து எழுந்தது. கடைசி எட்டுச் சுரங்களுக்கு அண்ணியின் கை மட்டும் எழுந்தது. டிகிரி தட்டிக்கொண்டே இருந்தாள். அண்ணி கையை இறக்கிக் காதைப் பொத்திக்கொண்டாள்.

டிகிரி அழவில்லை. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, "திருட்டுப் பசங்க" என்றாள். யாரை என்று அண்ணிக்குப் புரியவில்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா முதலில் பாய்ந்தது டிகிரி பாட்டுப் போடும்போது மாட்டுகிற ஹெட்போன்மேல். எந்நேரமும் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காது போகாமல் என்ன செய்யும், இன்றோடு அந்தப் பெட்டியை மூடிப் பரண்மேல் போடு என்று கத்தினாள். அண்ணனும் அதையே சொன்னான். வேலையை விட முடியாது. விட முடிந்தது பாட்டுத்தான். இனி பாட்டு வேண்டாம். அப்படியே ஆசை இருந்தால் காது நன்றாக இருக்கிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியது, அண்ணியே போடட்டும்.

"காது அண்ணியோடது. பாட்டு என்னோடது" என்றாள் டிகிரி. "நீ எப்பம்மா ஹெட்போன் மாட்டினே?"

"நான் எதுக்குடீ மாட்டறேன்?"

"அப்புறம் உனக்கு ஏன் விசில் கேக்கல? அப்பாவுக்கு ஏன் கேக்கல? அவரு என்ன, பாய்லர்கிட்ட உக்காந்து பாட்டா கேட்டாரு?"

அம்மா குரலைத் தாழ்த்திப் பேச முயன்றாள். அந்த வீட்டில் அது நடந்து பல வருஷமாகியிருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் கேட்டது. வெளியே மூச்சு விடாதே என்றாள். "செவிடுன்னு பேரு கெளம்பிட்டா உன்னைப் பார்க்க எவன் வருவான்?"

"வர்றவன் பக்கத்துல நின்னு பேசட்டும்."

காது டாக்டரிடம் அண்ணிதான் கூட்டிப்போனாள். டாக்டர் ஹெட்போனைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கே வேலை என்றுதான் முதலில் கேட்டார். சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். போனது போனதுதான், திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மெஷின் பக்கத்தில் நிற்கும்போது காதுக்குக் கெட்டியான மூடி போட வேண்டும், அதை வாங்கித்தர வேண்டியது ஆலை. இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் மணி மட்டுமல்ல, குழலும் போகும், அப்புறம் தந்தியும் போகும். டாக்டர் வாத்தியக் கணக்கில் சொல்லவில்லை. டிகிரி அப்படித்தான் புரிந்துகொண்டாள். தன் பாட்டின் மாடிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக இடிந்து வருவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அதற்குள் பாட்டைச் சரிசெய்து அனுப்பியாயிற்று. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு குறை, இன்னும் குறை, போதும் என்று சொல்லச் சொல்ல, டிகிரி ஊசியைப் பார்த்துக்கொண்டே இறக்கினாள். அண்ணி இப்போ அழகா இருக்கு, மழைக்கப்புறம் கம்பியில தண்ணி சொட்டற மாதிரி இருக்கு என்றாள். டிகிரிக்கு மேளத்துக்கும் தந்திக்கும் மேலே ஒன்றுமே கேட்கவில்லை. தன்னுடைய பாட்டில் தனக்குப் பிடித்த இடம் எது என்பதை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்டாள். அதற்கு வந்த கோபம்தான் அவளை மேனேஜர் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

மேனேஜர் அறை கண்ணாடி போட்ட அறை. கதவைச் சாத்தினால் ஆலையே ஊமைப் படமாகிவிடும். அவர் காதில் எப்போதும் ஒரு இயர்போன் இருக்கும். யாரோடு பேசுகிறார் என்பதே தெரியாது. டிகிரி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். கூடத்தில் நிற்கிற எல்லாருக்கும் காது மூடி வேண்டும் என்றாள்.

அவர் சிரித்தார். "நீ பாட்டுப் போடுற பொண்ணுதானே? ஹெட்போன் வேலைம்மா அது. ஆலை மேல ஏன் பழி போடுறே?" பிறகு சிரிப்பை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷமா இத்தனை பேர் வேலை பார்க்கறாங்க. ஒருத்தராவது வந்து காது கேக்கலைன்னு சொல்லியிருக்காங்களா? படிச்ச ஒருத்தி வந்தா போதும், இல்லாத நோயெல்லாம் வந்துடும்."

வெளியே வந்த டிகிரி அன்று முழுக்க யாரோடும் கையால்கூடப் பேசவில்லை. ஒருத்தராவது சொன்னார்களா. ஒருத்தருக்கும் தெரிந்தால்தானே சொல்லுவார்கள்.

இரண்டு நாள் கழித்து லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, எண்ணெய் டின்னோடு ஆலைக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு நேரம். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேசைகளில் எல்லாரும் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். சுவரோரமிருந்த ஒரே பிளக்கில் ஒயரைச் செருகினாள். அம்மா தூரத்திலிருந்தே கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினாள். டிகிரி பார்க்காத மாதிரி இருந்தாள். அப்பா மட்டும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பிளக்குக்கு முன்னால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் உடம்பு பெரிது. உட்கார்ந்தால் பிளக்கும் தெரியாது, சுவிட்சும் தெரியாது.

"என்ன டிகிரி, கச்சேரியா?" என்றார் மடிக்கும் பகுதி அக்கா.

"ஆமாக்கா. சும்மா கேளுங்க. டிக்கெட் கிடையாது."

பாட்டு ஓடியது. பழைய பாட்டு, விசிலோடு இருந்ததுதான். விரிப்பு உதறுகிற சத்தம் வந்ததும் ஒருத்தி இது நம்ம சத்தமாச்சே என்றாள். மேசையில் விரல்கள் தட்டத் தொடங்கின. பாய்லர் உதவிக்காரர் தலையை ஆட்டியபடியே சாப்பிட்டார். போன மாதம் சேர்ந்த இரண்டு பெண்கள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

டிகிரி மேளத்தின் வாயை அடைத்தாள். தந்தியை அடைத்தாள். உதறலை அடைத்தாள். ஒவ்வொன்றாக எல்லாம் போய், உச்சியிலிருந்த இழை மட்டும் மிச்சமிருந்தது. ஒலி கடைசிவரை ஏற்றியே இருந்தது. திரையில் ஊசி நிமிர்ந்து நின்றது.

"முடிஞ்சுடுச்சா? நல்லாத்தான் இருந்துச்சு, இன்னொண்ணு போடு" என்றார் பாய்லர் உதவிக்காரர். எல்லாரும் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். பேச்சு தொடங்கியது. இருபது வருஷம் நின்றவர்கள், பத்து வருஷம் நின்றவர்கள், ஊறுகாய் யார் கொண்டுவந்தது என்று கேட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். புதிய பெண்கள் இரண்டு பேரும் காதில் விரலைவிட்டுக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். என்னாச்சு இதுங்களுக்கு, வாந்தியா என்றாள் ஒருத்தி.

மெஷின் ஓயும் நேரத்தில் கண்ணாடி அறையின் கதவு ஒருக்களித்தே கிடக்கும்; இப்போது அது முழுசாகத் திறந்தது. மேனேஜர் இயர்போனைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். நடுக்கூடத்துக்கு வருவதற்குள் இரண்டு உள்ளங்கையாலும் காதை அழுத்திப் பொத்திக்கொண்டார்.

"யாரு அது? நிறுத்துங்க. மண்டையே வெடிச்சுடும்போல இருக்கு."

ஒருத்தரும் அசையவில்லை. கையில் எடுத்த கவளத்தோடு அவரையே பார்த்தார்கள். நல்லாத்தானே இருந்தார் மனுஷன் என்பதுபோல அவரையும் பார்த்தார்கள், கூரையையும் பார்த்தார்கள்.

"எதை சார் நிறுத்தணும்?" என்று கேட்டாள் அம்மா. மரியாதையாகத்தான் கேட்டாள். உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

"இந்தக் கத்தலைம்மா. கேக்கலையா உனக்கு?"

அம்மா காதைத் தீட்டிக் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மடிக்கும் பகுதி அக்காவைப் பார்த்தாள். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். அதற்கடுத்தவளும் ஆட்டினாள். மேசை நெடுக ஒவ்வொரு தலையாக ஆடிக்கொண்டே போனதை அம்மா கடைசிவரை பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே நின்ற புதுப் பெண்களைப் பார்த்தாள். அப்புறம் மேனேஜரின் இரண்டு கைகளையும்.

"இவங்க யாரும் பாட்டுப் போடறவங்க இல்ல சார்" என்றாள் டிகிரி. "யாரும் ஹெட்போன் மாட்டறதில்ல. காதுல எந்நேரமும் மாட்டியிருக்கிறது நீங்க ஒருத்தருதான். ஆனா உங்களுக்குக் கேக்குது."

மேனேஜர் பிளக்கைத் தேடிச் சுவர்ப்பக்கம் வந்தார். அங்கே அப்பா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக மென்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிக்கப்பா என்றார் மேனேஜர். அப்பா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்து, "என்ன சார்?" என்றார். மேனேஜர் உரக்கச் சொன்னார். அப்பா இன்னும் குனிந்து, "கேக்கல சார்" என்றார்.

மேசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தராக டப்பாவை மூடினார்கள்.

"ஒழுங்கா நிறுத்தச் சொல்லு உன் பொண்ணை" என்று மேனேஜர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "இல்லேன்னா நாளையிலிருந்து யாரும் வர வேண்டாம்."

அம்மா எழுந்து வந்தாள். ரோலர் சூட்டில் வெந்து வெந்து தோல் மினுக்கிப்போன கையை மகளின் தோள்மேல் வைத்தாள். டிகிரி, அவள் மூடச் சொல்வாள் என்று நினைத்து மவுஸை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"காது மூடி என்னிக்கு வரும்னு கேளு" என்றாள் அம்மா. தெருவுக்கே கேட்கிற தன் பழைய குரலில் சொன்னாள். "அவரு நாளைச் சொல்லட்டும். அதுவரைக்கும் நிறுத்தாதே."

டிகிரி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.